மழை இல்லை என்று சொல்லக் கற்ற தவளை

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காக எடுக்காத தெற்கு ஓரத்தில், ஒரு குட்டை இருந்தது. அந்தக் குட்டையில் மாரிச்செல்வம் என்று ஒரு தவளை இருந்தான். தவளை பேசுமா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். என் கதையில் மிருகங்கள் பேசுவது மட்டுமில்லை, லேப்டாப்பும் வைத்திருக்கின்றன. சொல்கிற எனக்கே போனில் அலாரம் வைக்கத் தெரியாது. அப்படிப்பட்டவன் கோடிங் பற்றிக் கதை சொல்ல வந்திருக்கிறேன் என்றால், கேட்கிற நீங்களும் கொஞ்சம் அனுசரித்துத்தான் போகவேண்டும்.

மாரிச்செல்வத்தின் குடும்பத் தொழில் கத்துவது. மழை வரப்போகிறது என்றால் அவன் தோலில் ஒரு குறுகுறுப்பு வரும். தொண்டை தானாக உப்பும். ஒரு கத்து கத்துவான். அதைக் கேட்டு அணில் காயப்போட்ட கொட்டையை அள்ளும், முயல் குட்டிகளை உள்ளே இழுக்கும். எல்லாம் முடிந்தபிறகு, "சனியன், வாயை மூடுதா பாரு" என்று காடே சேர்ந்து அவனைத் திட்டும். இதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். அவனும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, மாமன் மகள் அல்லியைப் பெண் கேட்டுப் போகும் வரைக்கும்.

அல்லியின் அப்பா தடாகலிங்கம் தாமரை இலை மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளைக்கு என்ன வேலைன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல? நான் என்னன்னு சொல்றது? கத்துறாருன்னா?"

"நீங்களும் கத்தித்தானே மாமா குடும்பத்தைக் காப்பாத்துனீங்க?"

"அதனாலதான்டா சொல்றேன்."

தடாகலிங்கமே தொடர்ந்தார்.

"பாறைக்கு அந்தாண்ட ஒரு வரன் வந்திருக்கு. பையனுக்குச் சொந்தக் கிணறு. கிணத்துக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, அதனால கெட்ட பழக்கமும் கிடையாது. இருந்தாலும் நீ என் தங்கச்சி மகன். ஒரு வாய்ப்புத் தர்றேன். அடுத்த மழை விழுறதுக்குள்ள, உக்காந்து பாக்குற வேலையா ஒண்ணு வாங்கிட்டு வா. மழை விழுந்துருச்சுன்னா அல்லி கிணத்துக்குப் போயிருவா. பேச்சு அவ்வளவுதான்."

வெளியே வந்தபோது அல்லி பாசிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அத்தான், அந்தக் கிணத்துக்குள்ள சிக்னலே கிடையாதாம். மேல பாத்தா வட்டமா கொஞ்சம் வானம் தெரியுமாம், அவ்வளவுதானாம். எப்படியாவது ஒரு வேலை வாங்கிருங்க அத்தான்" என்றாள். அழுகிறாளா, தண்ணீரில் இருப்பதால் அப்படித் தெரிகிறதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவனுக்கு அழுகை வந்தது.

அந்த வாரமே புளியமரத்தில் ஒரு போஸ்டரைப் பார்த்தான். 'மின்னல் முகாம்! ஒரே வெயில் காலத்தில் நீங்களும் புரோகிராமர்! நூற்றுக்கு நூறு வேலை!' கீழே ஒரு மயில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த மயில் முகாமில் சேரவே இல்லை, போட்டோவில் நன்றாக விழுவாள் என்று கூட்டிவந்தார்கள் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த கதை. மாரிச்செல்வம் அப்போது அதையா யோசித்தான்? 'ஒரே வெயில் காலம்' என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தான். மழைக்கு முன்னால் முடிந்துவிடும். சேர்த்துவைத்திருந்த காய்ந்த ஈசல் மொத்தத்தையும் ஃபீஸாகக் கட்டிவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

முகாமை நடத்தியது ஜெயசீலன் என்கிற ஓணான். வேலி மேல்தான் வகுப்பு. முதல் நாளே ஜெயசீலன் சார் சட்டம் போட்டார். "இங்க யாரும் கத்தக்கூடாது. புரொஃபஷனல் கத்தமாட்டான். மெயில் போடுவான்."

மாரிச்செல்வத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆகா, இதுதான் நமக்கான இடம் என்று நினைத்தான். அன்றோடு கத்துவதை விட்டான்.

பாடம் நடக்கிற விதம் இதுதான். சார் ஒரு வரி அடிப்பார். எல்லோரும் அதே வரியை அடிக்கவேண்டும். தப்பாக அடித்து யாருடைய திரையாவது சிவப்பாகிவிட்டால் சார் வேலியில் ஓடிவந்து, "தள்ளு" என்பார். தடதடவென்று தானே அடிப்பார். பச்சையாகிவிடும். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, ஓணான் அல்லவா, பதிலையும் தானே தலையாட்டிச் சொல்லிவிடுவார். அவர் ஆட்டுவதைப் பார்த்து முயல் ஆட்டும். முயலைப் பார்த்து கீரி ஆட்டும். தவளைக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது. ஆனாலும் ஒருத்தன் மட்டும் ஆட்டாமல் இருந்தால் மரியாதையாகவா இருக்கும்? மாரிச்செல்வம் முழு உடம்பையும் முன்னும் பின்னும் ஆட்டினான். இரண்டு தடவை வேலியிலிருந்து விழுந்தும் இருக்கிறான்.

அந்த வகுப்பில் ஒரு நத்தையும் சேர்ந்திருந்தான். அவன் முதல் வகுப்புக்கே இன்னும் வந்துகொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கும் வழியிலேயே சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முகாம் முடிகிற சமயத்தில் எல்லோரும் ஒரு பிராஜெக்ட் செய்யவேண்டும். வானிலை சொல்லும் செயலி. ஜெயசீலன் சார் அடித்தார், எல்லோரும் அடித்தார்கள். நீல நிறத்தில் அழகான திரை, மூலையில் சூரியன், நடுவில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் பெரிய எழுத்தில் வரும்: 'இன்று மழை இல்லை.'

எல்லோரும் கைதட்டினார்கள். மாரிச்செல்வமும் தட்டினான். ஆனால் வானிலை அவனுடைய பரம்பரை விவகாரம் இல்லையா? மனசு கேட்கவில்லை.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நிஜமாவே மழை வந்தா இது என்ன சொல்லும்?"

"நல்ல கேள்வி" என்றார் சார். "அது அட்வான்ஸ்டு கோர்ஸ்ல வரும். புரிஞ்சுதா?"

தலை ஆடியது. வகுப்பே ஆடியது.

விஷயம் ரொம்ப சிம்பிள். அந்த வாக்கியத்தை சார் ஒரு நாள் வேலி மேல் வெயில் காய்ந்துகொண்டே அடித்தார். அன்றைக்கு மழை இல்லை. 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விட்டுவிட்டார். அந்த 'அப்புறம்' எந்தப் பாடத்திலும் வரவில்லை. வானத்துக்கும் அந்தத் திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமலே அத்தனை பேரும் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

சான்றிதழை வாங்கிவந்த மாரிச்செல்வம் குட்டைக் கரையில் உட்கார்ந்து, அந்தச் செயலியில் தானாக ஒரு வரியை மாற்றிப்பார்க்கலாம் என்று கை வைத்தான். திரை சிவந்துவிட்டது. ஏதேதோ எழுத்துகள், ஏதோ ஒரு வரி எண். பாம்பைப் பார்த்தவன் மாதிரி பின்னால் துள்ளினான். சிவப்பு அவன் பார்க்காததில்லை. ஆனால் பக்கத்தில் 'தள்ளு' என்று சொல்ல ஆள் இல்லாமல் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாராவது வருவார்கள் என்று கொஞ்ச நேரம் தள்ளியே உட்கார்ந்துகூடப் பார்த்தான். யாரும் வரவில்லை. கடைசியில் முயலிடம் போய், அவனுடைய பிராஜெக்ட்டை அப்படியே வாங்கித் தன்னுடையதன் மேல் போட்டுக்கொண்டான். மறுபடி நீலம், மறுபடி சூரியன், இன்று மழை இல்லை. அப்பாடா!

"நான் புரோகிராமர்" என்று தண்ணீரில் தெரிந்த தன் முகத்திடம் சொல்லிப்பார்த்தான். முகம் சிரித்துவிட்டது. அவனும் சிரித்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கட்டெறும்புக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எறும்புகளுக்கு ஒரு காலத்தில் மழை வருவது தானாகவே தெரியும். முட்டையைத் தூக்கிக்கொண்டு முன்கூட்டியே மேட்டுக்குப் போய்விடும். புற்றுக்குள் ஏ.சி. போட்டதிலிருந்து அது மரத்துப்போய்விட்டது. போன மழையில் ஓர் அறை முட்டை மொத்தமும் தண்ணீரோடு போனது. அதனால் வானிலை சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிராமர் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். வேலைக்கு எடுக்கும் பொறுப்பு மேனேஜர் பொற்கொடி மேடத்துடையது.

மின்னல் முகாம் முழுவதும் அங்கே போய் நின்றது. எறும்புகளுக்கு வரிசை என்றால் உயிர். நேர்முகத்துக்கு ஒரு வரிசை, அதற்கு டோக்கன் வாங்க ஒரு வரிசை, டோக்கன் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள ஒரு வரிசை. மாரிச்செல்வம் எல்லாவற்றிலும் நின்று, கடைசியில் சரியான வரிசையின் வாலில் வந்து சேர்ந்தான்.

முன்னால் முயல் திரையைக் காட்டியது. இன்று மழை இல்லை. கீரி காட்டியது. இன்று மழை இல்லை. அணில், உடும்பு, இரண்டு மைனா. எல்லாம் அதே நீலம், அதே சூரியன், அதே பதில்.

பொற்கொடி மேடம் முதலில் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் முகம் மலர்ந்தது. "அத்தனை பேரும் தனித்தனியா செஞ்சிருக்காங்க. அத்தனையும் ஒரே பதில் சொல்லுது. அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். உடனே உள்ளே ஆள் அனுப்பினார். "முட்டை எல்லாத்தையும் வெளிய எடுத்து வெயில்ல வைங்க. இன்னிக்கு மழை கிடையாது."

சின்னச் சின்ன எறும்புகள் முட்டைகளைத் தூக்கிவந்து பள்ளத்து மணலில் அடுக்க ஆரம்பித்தன.

அப்போதுதான் மாரிச்செல்வத்தின் முதுகில் அந்தக் குறுகுறுப்பு வந்தது.

மேற்கே பார்த்தான். கருகருவென்று திரண்டிருந்தது. மழை விழுந்தால் அல்லி கிணற்றுக்குப் போய்விடுவாள். இன்னும் நாலைந்து பேர் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள். "கொஞ்சம் பொறு தாயே, கையெழுத்து மட்டும் ஆகட்டும்" என்று மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு தன் திரையைப் பார்த்தான். இன்று மழை இல்லை. ஒருவேளை நிஜமோ? முதுகுதான் தப்பாகச் சொல்கிறதோ? தன் முதுகு என்ன படித்திருக்கிறது? சான்றிதழ் வாங்கியதா? வெட்கம்தான், ஆனால் அந்த நேரத்தில் அவன் செயலியை நம்பினான். அது எப்படி வந்தது என்று தெரிந்தும் நம்பினான்.

அவன் முறை வந்தது. உள்ளே போய் மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்தபோதுதான் இன்னொரு சங்கடம் உறைத்தது. மேடம் ஓர் எறும்பு. இவன் தவளை. காலையிலிருந்து பட்டினி வேறு. நாக்கு துறுதுறுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன தம்பி, பல்வலியா?"

முழு உடம்பையும் ஆட்டினான்.

"எங்க கம்பெனிக்கு ஏன் வரணும்னு நினைக்கிறீங்க?"

"எறும்புங்கன்னா எனக்கு... ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்றான் விரல் இடுக்கு வழியாக.

மேடத்துக்குப் பரம திருப்தி. "இதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒரே வாய் ஓயாத கூட்டம். நீங்க அடக்கமா இருக்கீங்க. உங்களோடதும் மழை இல்லைன்னுதான் சொல்லுது. சரி, நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று நியமனக் கடிதத்தை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

ஒரே ஒரு கையெழுத்து. அல்லி அவனுக்கு. வாசல் வழியே வெளியே பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது. பள்ளம் முழுக்க முட்டைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஓர் எறும்பு ஒவ்வொரு முட்டையாகத் துடைத்துக்கொண்டே ஏதோ தாலாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. தொண்டை உப்பியது. விழுங்கினான். மறுபடி உப்பியது. மறுபடி விழுங்கினான். பேனா தாளில் பட்டது.

மனசாட்சி விழித்தது என்று சொல்லி அவனை உயர்த்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பாவம், அது தொண்டையா மனசாட்சியா என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது. கத்திவிட்டான்.

எப்பேர்ப்பட்ட கத்து! ஒரு வெயில் காலம் பூராவும் அடக்கிவைத்தது அத்தனையும் சேர்ந்து வெளியே வந்தது. புற்றே அதிர்ந்தது. எறும்புகளுக்கு மறந்துபோயிருந்த ஏதோ ஒன்று காலில் ஏறியது. கேள்வி கேட்காமல் ஆளுக்கொரு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. கடைசி முட்டை மேட்டில் ஏறவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. வெளியே மின்னல் முகாமின் மாணவர்கள் தொப்பலாக நனைந்து நின்றார்கள். அவர்கள் கையில் திரைகள் இன்று மழை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தன, அணையும் வரைக்கும்.

பொற்கொடி மேடம் பேனாவை மூடினார்.

"பிராஜெக்ட் மழை இல்லைன்னுச்சு. நீங்க மழைன்னீங்க. இதுல எது உங்களோடது?"

"கத்துனதுதான் மேடம். பிராஜெக்ட் எங்க சார் அடிச்சது. அதுல ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாது. நானா மாத்திப் பாத்தேன், சிவப்பாயிருச்சு. பயந்துபோய் முயல்கிட்ட வாங்கி ஒட்டிக்கிட்டேன்."

வழக்கமான கதையாக இருந்தால் இந்த இடத்தில் மேடம் எழுந்து, 'உன் நேர்மையை மெச்சினேன்' என்று சொல்லியிருக்கவேண்டும். பொற்கொடி மேடம் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"புரியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன தம்பி பண்றது? புரோகிராமர் வேலை கிடையாது."

மாரிச்செல்வத்துக்குக் கண் இருட்டியது. வேலையும் போயிற்று, மழையும் விழுந்தாயிற்று. முட்டை பிழைத்தது ஒன்றுதான் ஆறுதல், ஆனால் அதைக் கட்டிக்கொண்டா குடும்பம் நடத்த முடியும்? லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாசல் வரை தத்தினான்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் மேடம். அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. "முட்டை எப்படிப் பிழைச்சுதுன்னு மேலிடத்துல கேப்பாங்க. தவளை கத்துச்சுன்னு நான் எழுத முடியாது. சிரிப்பாங்க. மென்பொருள் சொல்லுச்சுன்னாத்தான் ஒத்துக்குவாங்க. உங்ககிட்ட அந்த முகாம் சான்றிதழ் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. திரைக்குப் பின்னாடி ஒரு பானையில தண்ணி வைக்கச் சொல்றேன். அதுல உக்காந்துக்கோங்க. தோணுறப்போ கத்துங்க. முன்னாடி இருக்கிற பொண்ணு திரையில 'மழை'ன்னு மாத்திருவா. உங்க பேருக்கு மூத்த மென்பொருள் பொறியாளர்னு போட்டுடலாம்."

"குட்டையில எங்க சனம் பூராவும் சும்மாவே கத்துதே மேடம்?"

"சான்றிதழ் இல்லாதவங்க கத்துனா அது சத்தம். நீங்க கத்துனா அது டேட்டா."

கழுத்தில் மாட்ட அடையாள அட்டை கொடுத்தார்கள். தவளைக்குத்தான் கழுத்து இல்லையே. உடம்போடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். லேப்டாப்பின் மேல் ஒரு சேப்பங்கிழங்கு இலையைக் கவிழ்த்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் குட்டைக்குத் தத்தினான்.

தடாகலிங்கம் தாமரை இலை மேல் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிணற்று வீட்டார் கொண்டுவந்து வைத்த நிச்சயத் தட்டு. அல்லி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"வேலை கிடைச்சுருச்சு மாமா!"

"என்ன வேலை?"

"கம்பெனியில, மாமா."

"கம்பெனியில என்ன பண்ணணும்?"

மாரிச்செல்வம் தயங்கினான். "கத்தணும்."

"ஏன்டா, மறுபடியும் கத்துறதா?"

"ஏ.சி. ரூம்ல, மாமா."

"ஓ..." என்று தடாகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது வேற." அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் வாடியது. "ஆனா மாப்ள, நான் சொன்ன சொல்லு என்ன? மழை விழுறதுக்குள்ளன்னேன். விழுந்துருச்சே. கிணத்து வீட்டுக்காரங்க தட்டோட வந்துட்டுப் போயிட்டாங்க. இனி நான் என்ன பண்ண?"

அல்லி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் கண்ணைக் கீழே போட்டான். கீழே, சேப்பங்கிழங்கு இலைக்கு அடியில், நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

மெல்ல இலையை விலக்கினான். லேப்டாப்பை மாமனார் பக்கம் திருப்பினான். பொத்தானை அமுக்கினான்.

'இன்று மழை இல்லை.'

தடாகலிங்கம் திரையைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு சரியாக அவர் கண்ணில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லுதா?"

"ஆமா மாமா. முகாம்ல படிச்ச அத்தனை பேரு கம்ப்யூட்டரும் இதையேதான் சொல்லுது."

"அத்தனை பேருதுமா?" மூக்கு நுனியில் தொங்கிய தண்ணீரை வழித்து எறிந்தார். "அப்ப சரி. அந்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் கிணத்தடியில வச்சுட்டு வாங்கடா. இன்னும் மழை விழலைன்னு சொல்லிருங்க."

அல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை போனது.

அடுத்த மழை இல்லாத நாளில், அதாவது கொட்டுகிற மழையில், கல்யாணம் நடந்தது. புளியமரத்துப் போஸ்டரில் இப்போது மயில் இல்லை. மாரிச்செல்வம்தான் சிரிக்கிறான். அதைப் பார்த்துக் குட்டையிலிருந்து பாதிப் பேர் முகாமில் சேர்ந்துவிட்டார்கள். அவன் பானைக்குள் உட்கார்ந்து, மழை இல்லாத நேரங்களில், அந்தச் செயலியில் மறுபடி கை வைத்துச் சிவப்பாக்கி, அந்தத் திரையை முறைத்துப் பார்க்கிறான். கொஞ்ச நாளாக அதில் பாதி புரிகிறது. போன வாரம் ஒரு வரியை அவனாகவே மாற்றினான், பச்சையாகிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. புரிகிறது என்று தெரிந்தால் பானையைப் பிடுங்கிவிட்டு நிஜமாகவே வேலை கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

நீதி: முகாமில் படித்தது வேலைக்கு உதவவில்லையே என்று மனம் உடைய வேண்டாம், மாமனாருக்கு உதவும்.